வளையமாதேவியில் ஒரு மணி நேரம்

சைக்கிளுக்கு எண்ணெய் விடுவார்கள், நமக்குத் தெரியும். காற்று அடிப்பார்கள், அதுவும் தெரியும். ஆனால் ஒரு சைக்கிளுக்குப் பசி எடுத்து, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் மின்சாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன ஆடி மாதத்தில், கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில் பார்த்தேன். அதுவும் அந்தப் பசிக்குக் காரணமே நான்தான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கதையை முதலிலிருந்து சொல்லுகிறேன், கேளுங்கள்.

என் தம்பி மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாள். மற்றப் பெண்கள் பெட்டி நிறையப் புடைவையும் வாசனைத் திரவியமும் கொண்டு வருவார்கள். இவள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக் கொண்டு வந்து இறங்கினாள்.

"ஏண்டியம்மா, அம்பத்தூரிலே 1949-ஆம் வருஷத்திலிருந்து சைக்கிள் கம்பெனி இருக்கிறது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தெருவுக்குத் தெரு ஓடுகிறது. நீ கடல் தாண்டிச் சைக்கிள் கொண்டு வர வேண்டுமா?" என்று கேட்டேன்.

"இது வேறே மாதிரி, அத்தை. இதன் கியர் மின்சாரத்தில் மாறும்" என்றாள்.

"அப்படியென்றால் மிதிக்கவே வேண்டாமா?"

"மிதிப்பது என் கால்தான். கியர் மாற்றுவதற்கு மட்டுந்தான் மின்சாரம்."

கயிறு இல்லாத கியர்

கியர் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பின் சக்கரத்தில் சின்னதும் பெரியதுமாகப் பல பற்சக்கரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சங்கிலி பெரிய பற்சக்கரத்துக்குப் போனால் கால் லேசாக இருக்கும். வண்டி மெதுவாகப் போகும். சின்னதுக்கு வந்தால் கால் கனக்கும், வண்டி பறக்கும். சங்கிலியை இங்கும் அங்கும் தள்ளுவதற்கு ஒரு கை போன்ற கருவி உண்டு. வழக்கமான சைக்கிளில் அந்தக் கையை இழுப்பது ஒரு மெல்லிய எஃகுக் கயிறு. கிணற்றுக் கயிறு நாளடைவில் நீண்டு போகிற மாதிரி அதுவும் நீளும், துரு ஏறும், சங்கிலி இடம் தவறிக் கடகடக்கும்.

மின்சாரக் கியரில் அந்தக் கயிறு கிடையாது. கைப்பிடியில் ஒரு பொத்தான். பின்னால் ஒரு குட்டி மோட்டார். பொத்தானைத் தொட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம். சங்கிலி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது.

பிரான்ஸ் தேசத்து மாவிக் கம்பெனி 1992-இலேயே பந்தயச் சைக்கிளில் இதைச் செய்து பார்த்தது. 1999-இல் கம்பியில்லாத கியரையும் செய்தது. மழையும் நீரும் பட்டால் மக்கர் பண்ணியதால் அது நிலைக்கவில்லை. 2009-இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி டிஐ-2 என்ற பெயரில் கொண்டு வந்தது நிலைத்துவிட்டது. இத்தாலியின் காம்பக்னோலோ 2011-இல் தன்னுடையதை வெளியிட்டது. 2015-இல் அமெரிக்காவின் ஸ்ராம் கம்பெனி கம்பியே இல்லாமல், வானொலி அலையால் பேசிக் கொள்ளும் கியரை அறிவித்தது. எங்கள் வீட்டுப் பெண்ணிடம் இருப்பது இந்தக் கடைசி ரகம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பாட்டரிகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றே சிறியது.

கைப்பையில் வந்த பாட்டரி

சிங்கப்பூரில் புறப்படும்போது அந்த இரண்டு பாட்டரிகளையும் அவள் கழற்றி, மூடி போட்டுத் தன் கைப்பையில் வைத்துக் கொண்டாளாம். சைக்கிள் பெட்டி மட்டும் விமானத்தின் வயிற்றுக்குள் போனது.

"அதையும் பெட்டியிலேயே போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

அவள் சொன்ன காரணத்தை, விமானப் பிரயாணம் செய்கிற நீங்களும் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. லித்தியம் பாட்டரி சிறியதானாலும் கோபக்காரன். இரண்டு முனைகளும் ஏதாவது உலோகத்தில் பட்டாலும், நசுங்கினாலும், உள்ளே சூடு பிறந்து, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, கடைசியில் தீப்பிடிக்கும். அது நம் பக்கத்தில் நடந்தால் விமானப் பணிப்பெண் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுவாள். சாமான் அறையில் நடந்தால் யார் பார்ப்பது? 2010 செப்டம்பர் 3-ஆந் தேதி துபாயில் ஒரு சரக்கு விமானம் விழுந்தது. லித்தியம் பாட்டரிகள் இருந்த சரக்கில் பற்றிய தீயால் அந்த விபத்து நேர்ந்தது; விமானிகள் இருவரும் மாண்டார்கள். 2016 ஏப்ரல் முதல், பிரயாணிகள் போகிற விமானத்தில் லித்தியம்-அயனி பாட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றக் கூடாது என்று உலகம் முழுவதற்கும் விதி செய்துவிட்டார்கள்.

நமக்கான விதி சுலபமானது. கருவியில் மாட்டாத உதிரி பாட்டரியும் பவர் பாங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். அளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-லிருந்து 160 வரை விமானக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பிரயாணி கொண்டு போகவே முடியாது. காலுக்குப் பதில் மோட்டாரே தள்ளுகிற மின்சாரச் சைக்கிளின் பாட்டரி பெரும்பாலும் 300, 500 என்று இருக்கும். ஆகையால் அதற்கு விமானத்தில் இடமில்லை.

வாட்-மணியைக் கண்டுபிடிக்க, பாட்டரியின் மேல் போட்டிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். இவளுடைய கியர் பாட்டரி 7.4 வோல்ட், 0.3 ஆம்பியர்-மணி. பெருக்கினால் சுமார் 2.2! 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்ட பவர் பாங்க் 74. இரண்டும் வரம்புக்குள்தான்.

இன்னொரு விஷயம். விமானத்தில் இடமில்லையென்று கடைசி நிமிஷத்தில் உங்கள் கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்புகிறார்கள் அல்லவா? அப்போது வெட்கப்படாமல் பெட்டியைத் திறந்து, உதிரி பாட்டரியையும் பவர் பாங்கையும் கையில் எடுத்துக் கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் போகும் சைக்கிளில் பாட்டரியைக் கழற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டாம். கம்பியில்லாக் கியர் ஆட்டம் கண்டால் விழித்துக் கொள்ளும். பொத்தானில் ஏதாவது சாய்ந்துவிட்டால், 'மாற்று, மாற்று' என்று மோட்டாரைப் படுத்திக் கொண்டே இருக்கும். ஊர் போய்ச் சேருவதற்குள் பாட்டரி சோர்ந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தவள் ஏமாந்த இடம் எது தெரியுமா? ஆகாயத்தில் அல்ல. சென்னைக்கும் வடலூருக்கும் இடையே, ஒரு வாடகை வேனில்!

ஏன் வளையமாதேவி?

"நீ சைக்கிள் விட மாமல்லபுரம் சாலை இருக்கிறது, ஏற்காடு மலை இருக்கிறது. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் கிடக்கிற வளையமாதேவிக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

அவள் தன் டெலிபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைப் பசேலென்று நெற்பயிர். அதன் நடுவே மண் வெட்டும் ராட்சஸ இயந்திரம். 2023-இல் அந்தப் படத்தைச் சிங்கப்பூரில் பார்த்துவிட்டு அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். "ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அத்தை" என்றாள். எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

சைக்கிளைச் சென்னையில் முழுதாகப் பூட்டி, நாலு நாள் கடற்கரைச் சாலையில் ஓட்டினாள். ஐந்தாம் நாள் அதை அப்படியே வேனில் ஏற்றினோம். விமானம் இல்லையே என்ற தைரியத்தில் பாட்டரியைக் கழற்றவில்லை. மீண்டும் மின்சாரம் ஏற்றிக் கொள்ளவும் இல்லை. நானும் என் பங்குக்கு, முறுக்கும் அதிரசமும் கட்டிய பலகாரக் கூடையைச் சைக்கிள் கைப்பிடியின்மேல் சாய்த்து வைத்தேன். பண்ருட்டி தாண்டுகிறவரையில் அந்தக் கூடை பொத்தானை அழுத்திக் கொண்டே வந்திருக்கிறது, யாருக்குத் தெரியும்?

நெய்வேலியை நெருங்கும்போது, மலையே இல்லாத சீமையில் மலைபோல் மண் மேடுகள் தெரிகின்றன. அவை சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதுதான் நெய்வேலிக் கதையின் ஆரம்பம். 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

வடலூரில் இறங்கினோம். வள்ளலார் 1867-இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. அதை வணங்கிவிட்டு, அவள் சைக்கிளில் ஏறினாள். நான் வேனில் பின்தொடர்ந்தேன். சேத்தியாத்தோப்பு வரையில் தெற்கே போகும் சாலை. சென்னையிலிருக்கும் சகோதரிகள் கவனிக்க: 2004 முதல் உங்கள் குழாயில் வருகிற வீராணத்துத் தண்ணீரும் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது.

கனத்த கியரில் போட்டுக் கொண்டு பெண் பறந்தாள். சேத்தியாத்தோப்பில் விருத்தாசலம் சாலைக்காக மேற்கே திரும்பினாள். திரும்பின க்ஷணத்தில் ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. இந்தப் பக்கத்தில் ஏற்றம் என்றால் அது காற்றுதான். அம்மியே பறக்கிற காற்றில் பெண் எம்மாத்திரம்? லேசான கியருக்கு மாற்றப் பொத்தானை அழுத்தினாள். 'டிக்' இல்லை. மறுபடியும் அழுத்தினாள். ஊஹூம்!

பாட்டரி தீர்ந்தால் கியர் எந்தப் பல்லில் இருந்ததோ அந்தப் பல்லிலேயே நின்றுவிடும். இவளுக்கு வாய்த்தது கனத்த பல். இந்த ரகத்தில் முன் பாட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டலாம், இரண்டும் ஒன்றுதான். அப்படியும் செய்து பார்த்தாள். அதுவும் இரண்டு 'டிக்' சொல்லிவிட்டுப் படுத்துக் கொண்டது. எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்தாள். அந்த நேரம் பார்த்து, அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிளில், கியர் என்ற பேச்சே இல்லாமல், இரட்டைப் பின்னலும் புத்தகப் பையுமாக இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். போகிற போக்கில், "அக்கா, காத்து இறங்கிடுச்சா?" என்று ஒரு விசாரணை வேறு!

திண்ணை உபசாரம்

மேல்வளையமாதேவியில், சாலையோரத்து வீட்டின் முன் சைக்கிளைச் சாய்த்தாள். வேனில் இருந்த சார்ஜ் குழி வேலை செய்யவில்லை. பவர் பாங்கையோ, விமான விதிகளுக்குப் பயந்து சிங்கப்பூரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

திண்ணையில் ஓர் அம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக் கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னோம்.

"சைக்கிளுக்கு கரண்டா? என்னம்மா அநியாயம்!" என்று சிரித்தார். ஆனால் உடனே எழுந்து உள்ளே போய், வாசல் பக்கத்துப் பிளக்கைக் காட்டினார். சார்ஜரை மாட்டினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சையாக மாறுவதற்கு ஒரு மணி நேரம்.

அதற்குள் இரண்டு லோட்டா மோர் வந்துவிட்டது. என் பலகாரக் கூடையும் பிரிந்தது. 'நீ பண்ணின வேலைதானே' என்று என் மருமகள் கூடையைப் பார்த்து முறைத்தாள்.

"எங்கேயிருந்து வர்றீங்க?" என்றார் அம்மாள். சொன்னோம். "இங்கே என்ன பார்க்க?" என்றார்.

பெண் தயங்கினாள். பிறகு டெலிபோனில் இருந்த படத்தைக் காட்டினாள். அம்மாள் அதை வாங்கவில்லை, எட்டியிருந்தே பார்த்தார்.

"இதைப் பார்க்கவா அவ்வளவு தூரத்திலேருந்து வந்தே?" என்றார். சற்றுப் பொறுத்து, "பயிர் அப்போ கதிர் விடற பதம். வயித்துப் பிள்ளைக்காரி மாதிரி இருந்துச்சு. அதான் தாங்கலே" என்றார். முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார்.

நடந்தது ஊரறிந்த விஷயம். இரண்டாம் சுரங்கத்தின் விஸ்தரிப்புக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. 2023 ஜூலை 26-ஆந் தேதி, விளைந்து நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டுவிட்டது, அதில் மீண்டும் பயிர் வைத்தார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். எடுத்த நிலமானாலும் விளைந்த பயிரை அறுக்க இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்பது குடியானவர்களின் கேள்வி. நெய்வேலியில் பெரிய போராட்டம் நடந்தது. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லிற்று.

"எங்களுக்கு அந்தப் பக்கம் போனது போக இந்தப் பக்கம் கொஞ்சம் நிக்குது" என்றார் அம்மாள், வாசலுக்கு எதிரே கையைக் காட்டி. குறுவைப் பயிர் காற்றில் அலை அலையாகச் சாய்ந்து எழுந்தது. அதற்கு அப்பால் மின்சாரக் கம்பங்கள் வரிசையாக வானத்தில் ஏறிப் போயின.

தீப்பெட்டிக் கணக்கு

என் மருமகள் படித்தவள். கை சும்மா இருக்காது. திண்ணையில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து உருட்டிக் கொண்டே கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நெய்வேலிக் கரி பாதிக்குப் பாதி ஈரம். ஆகையால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி வேண்டும். ஒரு டன் கரியை எடுப்பதற்கு அதன்மேல் கிடக்கிற மண்ணை ஐந்தாறு கன மீட்டர் அள்ள வேண்டும். அதாவது ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு லிட்டர் மண்.

இவள் பாட்டரிக்கு 2.2 வாட்-மணி, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 3 என்று வைத்துக் கொள்வோம். அதற்குக் கரி 3 கிராம். 3 கிராம் கரிக்கு மண் எவ்வளவு?

"இவ்வளவு!" என்று அவள் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இது கொள்ளுகிற மண், அத்தை. பாட்டரி ஒரு தடவை நிறைய ஒரு தீப்பெட்டி மண்!"

"அவ்வளவுதானா?" என்றேன் நான், சமாதானமாக.

"என் சைக்கிளுக்கு அவ்வளவுதான். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஆகிறது?"

நான் பதில் சொல்லவில்லை. கோடையில் குளிர்சாதனம், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாமாக மாதம் 200 யூனிட் ஆகிறது. அத்தனையும் இந்தக் கரியில் பிறந்ததானால், 200 கிலோ கரி. ஆயிரம் லிட்டருக்கு மேல் மண். வாளியில் அள்ளினால் நூறு வாளிக்குக் குறையாது! நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் முழுவதும் நெய்வேலியினுடையது அல்ல. காற்றாலை உண்டு, அணை நீர் உண்டு, அணு உலை உண்டு, வெயிலும் உண்டு. நெய்வேலி மின்சாரம் பக்கத்து ராஜ்யங்களுக்கும் போகிறது. ஆனாலும் வாளிகள் என் கண் முன்னே வரிசையாக நின்றன.

விமானத்தில் ஏறுகிறவளிடம் பாட்டரியின் அளவு என்ன, எங்கே வைத்திருக்கிறாய் என்று வாட்-மணி சுத்தமாகக் கேட்கிறார்கள். நல்லதுதான், அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. அந்தப் பாட்டரிக்குள் இருக்கிறது எந்த ஊர் மண் என்று கேட்பதற்குத்தான் எந்த வாசலிலும் ஆள் இல்லை.

விளக்குப் பச்சையாக மாறிற்று. ஒரு பாட்டரி போதும் என்று பின்னால் மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். 'டிக்!' அம்மாள் குனிந்து பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "இன்னொரு தடவை அழுத்து" என்று தாமே அழுத்தியும் பார்த்தார். சங்கிலி ஒவ்வொரு பல்லாக ஏறுவதைக் கண்டு, "சொன்ன பேச்சுக் கேக்குதே!" என்றார்.

நான் கைப்பையைத் திறந்தேன். "கரண்டுக்கு ஏதாவது..." என்று இழுத்தேன்.

"ஒரு தீப்பெட்டி மண்ணுக்கா காசு?" என்றார் அம்மாள். எங்கள் கணக்கை அவர் கேட்டுக் கொண்டுதான் இருந்திருக்கிறார். "வாளிக் கணக்கிலே போனதுக்கே நான் கணக்குப் பார்த்து முடிக்கலே. போயிட்டு வாங்க. அறுப்பு சமயம் வந்தா புது அரிசி தர்றேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. பலகாரக் கூடையை மட்டும் அவர் கையில் வைத்தேன். அதை வாங்கிக் கொண்டார்.

பெண் காற்றை எதிர்த்துக் கிளம்பினாள். லேசான கியர், கால் நிதானமாகச் சுழன்றது. வேன் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு பக்கம் வாய்க்கால் கரை. மறு பக்கம் அம்மாள் காட்டிய பயிர். நடுவே அவள் சின்னதாகிக் கொண்டே போனாள்.

அடுத்த வாரம் அவள் ஊருக்குத் திரும்பும்போது பாட்டரிகளைக் கழற்றி, மூடி போட்டு, நானே அவள் கைப்பையில் வைத்தேன். அறுப்புக்குத் திரும்ப வருகிறாளாம். வேனில் ஏற்றும்போதும் பாட்டரியைக் கழற்றிவிடுவதாக அவள் ஒப்புக் கொண்டிருக்கிறாள். பலகாரக் கூடையை என் மடியிலேயே வைத்துக் கொள்வதாக நானும் ஒப்புக் கொண்டிருக்கிறேன். வளையமாதேவி அம்மாளுக்கு இந்தத் தடவை இரண்டு கூடை.